ஏழாம் அத்தியாயம்: பொது நிரலில் முதல் திருத்தம்

லண்டன் மாநகரின் தென்பகுதியில் உள்ள குரோய்டன், 2021ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்குப்படி 3,90,000-க்கும் மேற்பட்ட மக்களைக் கொண்டு, அம்மாநகரின் பரோ எனப்படும் நிர்வாகப் பிரிவுகளுள் ஜனத்தொகையில் முதலிடம் வகிப்பது. யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் சென்று குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் தோர்ண்டன் ஹீத்திலும் வெஸ்ட் குரோய்டனிலும் திரளாக வாழ்கின்றன. அக்குடும்பங்களில் ஒருவர் கவுன்சில் வரியைப் பற்றியோ, குப்பை எடுக்கும் ஒழுங்கைப் பற்றியோ, பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கேட்கும் முறையைப் பற்றியோ அறியக் கவுன்சிலின் இணையத்தளத்தைத் திறக்கும்பொழுது, அவர் கண்முன் அப்பக்கங்களை உருவாக்கித் தருகிற நிரலானது, எவரும் எடுத்து வாசிப்பதற்கும், குறை கண்டால் திருத்தம் எழுதி அனுப்புவதற்கும் உரிய பொதுச்சொத்து என்பதைப் பெரும்பாலோர் அறியார்.

இந்நிரலுக்கு லோக்கல்கவ் ட்ரூபல் என்று பெயர். பெல்ஜியம் தேசத்தவரான ட்ரீஸ் பௌட்டார்ட் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ட்ரூபல் என்னும் தள நிர்வாக மென்பொருளை அஸ்திவாரமாகக் கொண்டு பிரைட்டன் அண்ட் ஹோவ் நகர கவுன்சில் தனக்கென எழுதி வைத்திருந்த நிரலை, 2019ஆம் ஆண்டில் தன் தளத்தைப் புதுப்பிக்க முனைந்திருந்த குரோய்டன் கவுன்சில் பெற்றுத் தன் காரியத்துக்கு உபயோகித்துக்கொண்டதே இதன் ஆரம்பம். ஒரே விதமான கடமைகளைச் செய்கிற கவுன்சில்கள் அத்தேசத்தில் நூற்றுக்கணக்கில் இருந்தும், ஒவ்வொன்றும் தனித்தனியே பணம் கொடுத்து ஏறத்தாழ ஒரே தளத்தை மறுபடியும் மறுபடியும் எழுதுவித்துக்கொண்டிருந்த வீண் செலவை உணர்ந்த அவ்விரு கவுன்சில்களும், மற்றும் சில கவுன்சில்களைச் சேர்த்துக்கொண்டு, மத்திய அரசாங்கத்தின் லோக்கல் டிஜிட்டல் ஃபண்ட் அளித்த பொருளுதவியுடன் அந்நிரலைப் பொதுவாக்கின. இன்று 40-க்கும் மேற்பட்ட கவுன்சில்கள் அதில் பங்குகொள்கின்றன; ஓப்பன் டிஜிட்டல் கோஆபரேட்டிவ் என்னும் கூட்டுறவு ஸ்தாபனம் அதைப் பேணிவருகிறது; நிரல் முழுவதும் கிட்ஹப் என்னும் நிரல் களஞ்சியத் தளத்தில் எவரும் காணத் திறந்து கிடக்கிறது.

நிரல் எழுதக் கற்றுக்கொண்டும், பிறருடைய பெரிய நிரலில் கைவைக்க அஞ்சி ஒதுங்கி நிற்கிற தமிழ் வாசகர் ஒருவர், இத்தகைய பொதுத் திட்டம் ஒன்றுக்குத் தம் முதல் திருத்தத்தை எவ்வாறு அளிப்பது என்பதை முறையாக எடுத்துரைப்பதே இவ்வத்தியாயத்தின் உத்தேசம். குரோய்டனின் நிரலை உதாரணமாகக் கொண்டோமாயினும், இங்கே சொல்லப்படும் முறைகள் திறமூல மென்பொருள் எதற்கும் பெரும்பாலும் பொருந்துவனவே.

கொடுப்பவரும் காப்பவரும்

முதலில், நாம் அளிக்கும் பொருளின் தன்மையை நன்கு உணர்ந்துகொள்ள வேண்டும். பத்து வரி நிரலை எழுதி அனுப்புகிறவர் பத்து வரி உழைப்பைக் கொடையாகக் கொடுத்ததாக நினைக்கிறார். ஆனால் அதை ஏற்றுக்கொள்கிறவர்களோ, அந்தப் பத்து வரிகளை இனிவரும் ஆண்டுகள் முழுவதும் வாசித்து, பரிசோதித்து, ட்ரூபலின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அதற்கு இசையத் திருத்தி, பழுதுபட்டால் விடையளித்துக் காக்கும் பொறுப்பையும் உடன் ஏற்றுக்கொள்கிறார்கள். ட்ரூபலின் 9ஆம் பதிப்பு 2020 ஜூனிலும், 10ஆம் பதிப்பு 2022 டிசம்பரிலும், 11ஆம் பதிப்பு 2024 ஆகஸ்டிலும் வெளிவந்தன என்பதை எண்ணிப்பார்த்தால், நாலே ஆண்டுகளில் ஒவ்வொரு வரியும் எத்தனை முறை மறுபரிசீலனைக்கு உட்பட வேண்டியிருந்திருக்கும் என்பது விளங்கும். ஆகையால், திருத்தத்தை எழுதுவது காரியத்தில் பாதி என்றால், அதைக் காக்கப்போகிறவருடைய பாரம் குறையும்படி அளிப்பது மற்றப் பாதி என்பதே இவ்வத்தியாயம் முழுவதற்கும் ஆதாரமான கருத்து.

நம் தேசத்துக் கிராமங்களில் வழங்கிவந்த குடிமராமத்தில், ஏரித் தண்ணீரைக் கொண்டு பயிர் செய்தவர்களே வீட்டுக்கு ஒருவராக வந்து வண்டல் எடுத்துக் கரையைப் பலப்படுத்தினார்கள்; அவ்வாறு வந்தவர், தாம் வெட்டிய மண்ணைக் கரைமேல் கொட்டிவிட்டு, அதைத் தட்டிக் கெட்டிப்படுத்தாமல் போய்விட்டால், அடுத்த பெருமழையில் அந்த மண்ணே சரிந்து ஏரிக்குள் விழுந்து, மறு ஆண்டு வருகிறவருக்கு இரட்டிப்பு வேலையாக முடியும். பொது நிரலில் அவசரமாகக் கொட்டப்பட்ட திருத்தத்தின் கதியும் இதுவே.

குரோய்டனின் சரித்திரம் இவ்வுண்மையை வேறொரு வகையில் வற்புறுத்துகிறது. 2020ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் தேதி, வரவு செலவைச் சரிக்கட்ட இயலாத நிலைக்கு வந்துவிட்ட அக்கவுன்சில், சட்டத்தின் 114ஆம் பிரிவின்படி அறிவிப்பு வெளியிட்டு, அத்தியாவசியம் அல்லாத புதிய செலவுகள் அனைத்தையும் நிறுத்த நேர்ந்தது. பணம் முடைப்பட்ட ஸ்தாபனத்தில், பிறர் விட்டுச்சென்ற குழப்பமான நிரலைச் சீராக்க ஆளும் நேரமும் எங்கிருந்து கிடைக்கும்? நிரல் பல கவுன்சில்களின் பொதுச்சொத்தாக இருந்தால், ஒரு கவுன்சிலின் பொக்கிஷம் வற்றினாலும் மற்றவற்றின் உழைப்பு அதை வாழவைக்கிறது. அவ்வாறு வாழவேண்டுமாயின், அதில் சேரும் ஒவ்வொரு வரியும், எழுதியவர் அருகில் இல்லாத காலத்திலும் தானே பொருள் விளங்கி நிற்பதாக இருக்க வேண்டும்.

உரிமையை முதலில் தெளிவுசெய்தல்

கணினியைத் திறப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அது உரிமை பற்றியது. ட்ரூபலும் அதன்மேல் எழுந்த லோக்கல்கவ் ட்ரூபலும் ஜிபிஎல் எனப்படும் பொதுமக்கள் உரிமத்தின் 2ஆம் பதிப்போ, அதற்குப் பிந்தைய பதிப்போ என்ற நிபந்தனையின் கீழ் வழங்கப்படுகின்றன. 1991ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியான அவ்வுரிமம், எவரும் நிரலை உபயோகிக்கவும் வாசிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் இடங்கொடுக்கிறது. திருத்தியதைப் பிறருக்கு வழங்குகிறவர், அதே சுதந்திரங்களை அவர்களுக்கும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று விதிக்கிறது. நீங்கள் அனுப்பும் திருத்தமும் அவ்வுரிமத்தின் கீழேயே வெளிவரும் என்பதை மனப்பூர்வமாக ஒப்புக்கொண்ட பின்னரே மேற்செல்ல வேண்டும்.

இங்கே, இங்கிலாந்தில் உத்தியோகம் பார்க்கும் வாசகர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது, 1988ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு. உத்தியோகத்தின் போக்கில் எழுதப்பட்ட ஆக்கத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாதவரையில், வேலை கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்று அது கூறுகிறது. சொந்த நேரத்தில் எழுதியது யாருடையது என்பது ஒவ்வொருவருடைய உத்தியோக ஒப்பந்தத்தைப் பொறுத்தது; சில ஒப்பந்தங்கள் அந்த நேரத்தையும் தழுவிக்கொள்ளும்படி விரிவாக எழுதப்பட்டிருக்கும். ஆகையால் ஒப்பந்தத்தை ஒருமுறை நிதானமாக வாசித்துவிட்டு, ஐயம் இருப்பின் மேலதிகாரியிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்றுக்கொள்வது விவேகம். நமக்கு உரிமை இல்லாத பொருளைத் தானம் செய்ய முடியாது. இவ்விதியை ஒட்டியே, வேறிடத்திலிருந்து பிரதி செய்த வரிகளையும், கருவியைக் கொண்டு எழுதுவித்துத் தாம் வரிக்கு வரி விளங்கிக்கொள்ளாத நிரலையும் தம் பெயரால் அனுப்பலாகாது.

நிறுவுதலும் வாசித்தலும்

அடுத்த படி, நிரலை நம் கணினியில் நிறுவி ஓடச் செய்வது. திட்டத்தின் முகப்பில் உள்ள ரீட்மீ கோப்பையும், பங்களிப்போருக்கான குறிப்புகளையும் முதலிலிருந்து முடிவு வரை வாசிக்க வேண்டும். இதைச் செய்யாமல் நேரே நிரலுக்குள் புகுகிறவர்களே, பின்னர் ஏற்கெனவே விடை எழுதப்பட்ட கேள்விகளைக் கேட்டுப் பிறர் பொழுதைப் போக்குகிறார்கள். ட்ரூபல் திட்டங்களில் தேவையான பகுதிகளை வரவழைக்கக் காம்போசர் என்ற கருவியும், அவற்றை நம் கணினியின் பிற வேலைகளுக்கு இடையூறு இல்லாமல் தனிச் சூழலில் ஓட்ட டிடெவ் என்ற கருவியும், கட்டளைகளை இட ட்ரஷ் என்ற கருவியும் வழக்கில் உள்ளன. கிட் என்னும் பதிப்பு மேலாண்மைக் கருவி, 2005ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் திட்டத்துக்காக எழுதியது. இன்று திறமூல உலகில் அதை அறியாமல் ஓர் அடியும் வைக்க இயலாது. இவ்விஷயங்களைத் தமிழிலேயே கற்க விரும்புவோருக்கு, 2012ஆம் ஆண்டு முதல் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதிவரும் கணியம் மின்னிதழ் நல்ல துணை.

நிறுவும்போது ஏதேனும் ஒரு படியில் தடை ஏற்பட்டால், அதைத் துர்ப்பாக்கியமாக நினைக்க வேண்டாம். பழகியவர்கள் அத்தடையை எப்போதோ கடந்து மறந்திருப்பார்கள். புதிதாக வருகிறவர் கண்ணுக்கே ஆவணத்தின் குறை புலப்படும். நீங்கள் தடுமாறிய இடத்தையும், அதைக் கடந்த வழியையும் அப்பொழுதே குறித்துவைத்து, ஆவணத்துக்கு ஒரு திருத்தமாக அனுப்பினால், அதுவே முதல் கொடையாக அமையலாம். ஆவணத் திருத்தம் நிரல் திருத்தத்துக்குத் தாழ்ந்தது என்று கருதுவோர், அடுத்து வரும் நூறு பேருடைய பொழுதை அது மிச்சப்படுத்துவதை எண்ணிப்பார்ப்பதில்லை.

தளம் ஓடத் தொடங்கிய பின், சில நாட்கள் வாசிப்பதிலேயே கழிய வேண்டும். லோக்கல்கவ் ட்ரூபலில் சேவைப் பக்கங்கள், வழிகாட்டிகள், படிப்படியான குறிப்புகள், விவரத்திரட்டுகள், செய்திகள், அவசர அறிவிப்புப் பட்டைகள் என்று ஒவ்வொன்றுக்கும் மாட்யூல் என்னும் தனித்தனி நிரல் பகுதி உண்டு. எல்லாவற்றையும் அறிய முயலாமல், ஒன்றை மட்டும் தேர்ந்துகொண்டு, இஸ்யூ எனப்படும் அதன் குறைப்பதிவுகளில் திறந்திருப்பவற்றையும் முடிந்தவற்றையும் வாசித்தால், அங்கே எவை குறைகளாகக் கருதப்படுகின்றன, எவ்வாறு விவாதிக்கப்படுகின்றன, எந்தக் காரணங்களுக்காகத் திருத்தங்கள் மறுக்கப்படுகின்றன என்பனவெல்லாம் தாமே புலனாகும். புதியவர்களுக்கு ஏற்றவை என்று குறியிடப்பட்ட இஸ்யூக்கள் பல திட்டங்களில் இருக்கும். அவற்றிலிருந்து தொடங்குவது உத்தமம்.

ஓர் உதாரணம்

இனி, முறையைத் தெளிவாக்கும் பொருட்டு ஓர் உதாரணத்தைக் கற்பனையாக அமைத்துக்கொள்வோம். செய்திகளை வரிசையாகக் காட்டும் ஒரு பக்கத்தில், ஒவ்வொரு செய்தியின் அடியிலும் ‘மேலும் படிக்க’ என்ற இணைப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். கண்ணால் காண்பவருக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை. பார்வையற்ற ஒருவரோ, திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளைக் கொண்டு இணைப்புகளை மட்டும் தனியே திரட்டிக் கேட்கும்பொழுது, ‘மேலும் படிக்க, மேலும் படிக்க’ என்று பத்துத் தடவை கேட்குமேயன்றி, எது எந்தச் செய்திக்கு உரியது என்று தெரியாது. இது அலங்காரம் பற்றிய குறை அன்று. பொது ஸ்தாபனங்களின் இணையத்தளங்கள் எல்லோருக்கும் எட்டத்தக்கவையாக இருக்க வேண்டும் என்ற விதிகள் இங்கிலாந்தில் 2018 செப்டம்பர் 23 முதல் அமுலில் உள்ளன. அதற்கு முன்பே இருந்த தளங்களுக்கு 2020 செப்டம்பர் 23 வரை அவகாசம் கொடுக்கப்பட்டிருந்தது. அவ்விதிகள் ஆதாரமாகக் கொள்ளும் சர்வதேச நெறிகளின் 2.4.4ஆம் பிரிவு, இணைப்பின் நோக்கம் அதன் வாசகத்திலிருந்தோ சூழலிலிருந்தோ விளங்க வேண்டும் என்று கோருகிறது.

குறையைக் கண்டவுடன் நிரலைத் திருத்தப் பாயலாகாது. முதலில், அதே குறையை வேறு எவரேனும் முன்பே எழுதியிருக்கிறாரா என்று தேட வேண்டும். இல்லையென்றால், புதிய இஸ்யூ ஒன்றைத் திறந்து, எந்தப் பதிப்பில், எந்தப் பக்கத்தில், என்ன செய்தபோது, எது நிகழ வேண்டியிருக்க எது நிகழ்ந்தது என்பதை, வாசிப்பவர் தம் கணினியில் அப்படியே செய்துபார்க்கும் வண்ணம் கிரமமாக எழுத வேண்டும். நீங்கள் உத்தேசித்துள்ள பரிகாரத்தையும் இரண்டு வாக்கியங்களில் கூறி, இவ்வழி சரிதானா என்று கேளுங்கள். ஒரு நாள் பொறுத்து விடை பெறுவது, ஒரு வாரம் உழைத்தபின் ‘இவ்வழி எங்களுக்குப் பொருந்தாது’ என்று கேட்பதைக் காட்டிலும் எவ்வளவோ மேல்.

இனித் திருத்தம். திட்டத்தின் களஞ்சியத்தை ஃபோர்க் செய்து நம் கணக்கில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, இந்த ஒரு காரியத்துக்கென்றே தனிக் கிளை ஒன்றை உண்டாக்கி, அக்கிளையின் பெயரில் இஸ்யூவின் எண்ணையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்தின் உருவத்தை நிர்ணயிக்கும் ட்விக் வார்ப்புருவில், ‘மேலும் படிக்க’ என்பதை அடுத்து அச்செய்தியின் தலைப்பையும் சேர்த்து, அதைக் கண்ணுக்கு மறைத்துச் செவிக்கு மட்டும் எட்டச்செய்யும் ‘விஷுவலி ஹிட்டன்’ என்ற வகுப்பை இட்டால் குறை நீங்கும். அவ்வகுப்பு ட்ரூபலிலேயே உண்டு, புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டியதில்லை. திட்டத்தில் ஏற்கெனவே உள்ள சாதனத்தை உபயோகிப்பது, காப்பவருக்கு நாம் செய்யும் முதல் உபகாரம்.

ஆனால் இங்கேயும் அவசரம் கூடாது. ஒரு துண்டு வாசகத்தையும் தலைப்பையும் அருகருகே ஒட்டிவிட்டால், எல்லா மொழிகளும் ஒரே சொல்வரிசையை உடையவை என்று கருதியதாகும். ‘பற்றி’ என்னும் சொல்லைத் தமிழ் தலைப்புக்குப் பின்னால் வைக்கும், ஆங்கிலம் முன்னால் வைக்கும். ஆகவே முழு வாக்கியத்தையும் மொழிபெயர்ப்புக்கு உரியதாக ட்ரூபலுக்கு அறிவித்து, தலைப்பு வரவேண்டிய இடத்தில் மட்டும் @ குறியுடன் ஒரு குறியீட்டை அமைக்க வேண்டும். அவ்வாறு அமைத்தால், மொழிபெயர்ப்பவர் அக்குறியீட்டைத் தம் மொழி வேண்டும் இடத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம். தலைப்பில் எவரேனும் தீய நோக்கத்துடன் செருகியிருக்கக்கூடிய நிரல் துணுக்குகளையும் அந்த @ குறி முடக்கிவிடும். ஒரு சிறு திருத்தத்தில் பார்வையற்றவருடைய சௌகரியம், பிற மொழியாளருடைய சௌகரியம், தளத்தின் பாதுகாப்பு ஆகிய மூன்றும் அடங்கியிருப்பதை வாசகர் காணலாம்.

வார்ப்புருவைத் திருத்திய பின்னும் பக்கத்தில் மாற்றம் தெரியாமல் திகைப்பது புதியவர்களுக்குச் சகஜம். ட்ரூபல் பக்கங்களை விரைவாகத் தரும் பொருட்டு, முன்பு கணித்தவற்றைச் சேமித்து வைத்திருக்கும். ட்ரஷ் கட்டளையால் அச்சேமிப்பைத் துடைத்த பின்னரே புதியது தோன்றும். தோன்றியபின், கண்ணால் பார்ப்பதோடு நில்லாமல், சுட்டியை ஒதுக்கிவிட்டு விசைப்பலகையால் மட்டும் இயக்கியும், திரைவாசிப்பான் ஒன்றைக் கொண்டு கேட்டும் பரிசோதிக்க வேண்டும். ட்ரூபலின் எழுத்து நெறிகளின்படி, உள்தள்ளலுக்கு இரண்டு இடைவெளிகள் விட வேண்டும், டேப் கூடாது. இவற்றைச் சரிபார்க்கும் கருவியையும், திட்டத்தின் தானியங்கிப் பரிசோதனைகளையும் நம் கணினியிலேயே ஓட்டிப் பார்த்துக்கொள்வது, பிறர் முன் வைப்பதற்குமுன் நம் கடமை. இயலுமானால், இக்குறை மீண்டும் தலைகாட்டினால் தானே அறிவிக்கும்படி புதிய பரிசோதனை ஒன்றையும் சேர்த்தெழுதுங்கள்.

அனுப்புதல்

திருத்தத்தைக் கிட்டில் பதியும் ஒவ்வொரு கமிட்டுக்கும் ஒரு செய்தி எழுதுகிறோம். என்ன மாறியது என்பதை நிரலே காட்டிவிடும். ஏன் மாறியது என்பதைச் செய்தி ஒன்றுதான் காட்ட முடியும். ஐந்து ஆண்டுகள் கழித்து, ஏதோ ஒரு கவுன்சிலில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர், இவ்வரி இங்கே எதற்கு என்று தேடிவரும்பொழுது, அவருக்கு விடையாக நிற்கப்போவது அச்செய்தியே. ‘குறை நீக்கம்’ என்று மட்டும் எழுதுவதால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. எந்தக் குறை, யாருக்கு இடையூறு, இவ்வழியைத் தேர்ந்தது எக்காரணத்தால் என்பவற்றைச் சுருக்கமாகச் சொல்லி, இஸ்யூவின் எண்ணையும் குறிப்பிடுங்கள்.

பின்னர், திருத்தத்தை ஏற்கும்படி திட்டத்தாரை வேண்டும் புல் ரிக்வெஸ்ட் திறக்கிறோம். ஒரு வேண்டுகோளில் ஒரு காரியமே இருக்க வேண்டும் என்ற விதியை எக்காரணம் கொண்டும் மீறக்கூடாது. இணைப்பைத் திருத்தப் போன இடத்தில் அருகில் உள்ள இடைவெளிகளைச் சீர்ப்படுத்துவதும், மாறிகளின் பெயர்களைத் தமக்குப் பிடித்தவாறு மாற்றுவதும், புதிய வசதி ஒன்றைச் சேர்ப்பதும் ஆர்வத்தின் காரணமாக நிகழ்பவைதாம். ஆயினும், அவற்றைப் பரிசீலிக்கிறவர், ஐந்து வரி மாற்றத்தை இருநூறு வரிகளுக்கிடையே தேட வேண்டியவராகிறார். நடுவே ஒன்று ஆட்சேபத்துக்கு உரியதாயின், மற்ற நல்லவைகளும் அதனோடு தேங்கிப்போகின்றன. வேண்டுகோளின் வாசகத்தில் குறையையும் பரிகாரத்தையும் கூறி, முன்னும் பின்னும் எடுத்த திரைப்பிடிப்புகளை இணைத்து, பரிசீலிப்பவர் தாமே சோதித்துப் பார்க்கும் படிகளையும் வரிசையாக எழுதிவைத்தால், அவர் ஒரு மணி நேரம் செய்ய வேண்டியதைப் பத்து நிமிஷத்தில் முடித்துக்கொள்ளலாம்.

பரிசீலனை

இனி வருவது, புதியவர்கள் மனந்தளரும் இடம். லோக்கல்கவ் ட்ரூபல் போன்ற திட்டங்களில் பரிசீலிப்பவர்கள் பெரும்பாலும் கவுன்சில்களிலோ, அவற்றுக்குப் பணி செய்யும் சிறு நிறுவனங்களிலோ உத்தியோகம் பார்த்துக்கொண்டு, இதையும் ஒரு பொறுப்பாக ஏற்றிருப்பவர்கள். உடனே விடை வராததை அலட்சியமாகக் கருதக் கூடாது. இரண்டு வாரம் கழித்தும் விடை இல்லையெனில், மரியாதையாக ஒரு நினைவூட்டல் எழுதுவது தவறாகாது.

விடை வரும்பொழுது அதில் ஆட்சேபங்கள் இருக்கும், இருப்பதே இயல்பு. பெரியவர்களையும் ஆசிரியர்களையும் எதிர்த்துப் பேசலாகாது என்ற பயிற்சியில் வளர்ந்த நம்மவர் பலர், ஆட்சேபம் கண்டவுடன் ஒன்று முழுவதையும் மௌனமாக ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள், அல்லது மனம் புண்பட்டு விலகிவிடுகிறார்கள். இரண்டும் திட்டத்துக்கு நஷ்டமே. பரிசீலிப்பவர் சொல்வது புரியவில்லையென்றால் கேட்பதும், அவர் ஒரு விஷயத்தைக் கவனிக்கத் தவறியிருந்தால் காரணம் காட்டி எடுத்துரைப்பதும் அங்கே அவமரியாதையாகக் கருதப்படுவதில்லை. அவர்கள் எதிர்பார்ப்பதே அதைத்தான். ஒவ்வொரு கருத்துக்கும் தனித்தனியே விடை எழுதி, திருத்தியதைத் திருத்தினேன் என்றும், திருத்தாததை இன்ன காரணத்தால் திருத்தவில்லை என்றும் சொல்லுங்கள். ஆங்கிலம் சரளமாக வராதவர் அதற்காகக் கூச வேண்டியதில்லை. தெளிவான சிறு வாக்கியங்களே அத்தொழிலில் போற்றப்படுகின்றன.

சில சமயங்களில் திருத்தம் மறுக்கப்படவும் கூடும். உங்களுக்கும் குரோய்டனுக்கும் பயன்படுவதொன்று, மற்றைய கவுன்சில்களுக்குப் பாரமாக இருக்கலாம். எல்லோரையும் மனத்தில் கொண்டு தீர்மானிக்க வேண்டியவர்கள் வேண்டாம் என்று சொன்னால், அத்தீர்மானத்தை நல்லெண்ணத்துடன் ஏற்பதும் இப்பணியின் ஒரு பகுதியே. ஜிபிஎல் உரிமம் உங்கள் பிரதியில் உங்கள் திருத்தத்தை வைத்துக்கொள்ளும் சுதந்திரத்தை எப்போதும் பாதுகாத்திருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

மறைத்துச் சொல்ல வேண்டிய ஒரே குறை

இதுகாறும், எதையும் பகிரங்கமாக எழுதுங்கள் என்று சொல்லி வந்தோம். இதற்கு ஒரு விலக்கு உண்டு. தளத்தின் பாதுகாப்பைக் குலைக்கக்கூடிய ஓட்டை ஒன்றைக் கண்டால், அதை இஸ்யூவாகத் திறக்கவே கூடாது. திட்டத்தின் பாதுகாப்புக் குழுவுக்கு, அவர்கள் குறிப்பிட்டுள்ள அந்தரங்க வழியில் தெரிவிக்க வேண்டும். 2014ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி ட்ரூபல் 7ஆம் பதிப்பில் இருந்த ஓர் ஓட்டைக்குப் பரிகாரம் வெளியிடப்பட்டபொழுது, சில மணி நேரத்துக்குள்ளேயே அவ்வோட்டையின் வழியாகத் தளங்களைத் தாக்கும் முயற்சிகள் தொடங்கின. அறிவிப்பு வெளியான 7 மணி நேரத்துக்குள் புதுப்பிக்கப்படாத தளங்கள் கைப்பற்றப்பட்டுவிட்டதாகவே கருத வேண்டும் என்று ட்ரூபலின் பாதுகாப்புக் குழுவே பின்னர் எச்சரித்தது. பரிகாரம் ஆயத்தமாகும் முன்பே ஓட்டையைப் பறைசாற்றினால் விளையக்கூடிய அனர்த்தத்தை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். கவுன்சில் தளத்தில் குடும்பங்களின் சொந்த விவரங்கள் சம்பந்தப்பட்டிருக்கின்றன ஆதலால், இங்கே மௌனமே பொதுநலம்.

ஏற்கப்பட்ட பின்

உங்கள் திருத்தம் ஒருநாள் ஏற்கப்பட்டு, அடுத்த வெளியீட்டில் சேரும். அப்பொழுது அது குரோய்டனோடு நிற்பதில்லை; அந்த மாட்யூலை உபயோகிக்கும் கவுன்சில்கள் தம் தளங்களைப் புதுப்பிக்கும்பொழுது, நீங்கள் பெயரும் அறியாத ஊர்களுக்கு அது சென்று சேர்கிறது. இலங்கைத் தமிழ் வாசகருக்கு இதன் மகத்துவம் விளங்க, அண்மைக் கால சரித்திரத்திலிருந்தே ஒரு சான்று உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை இலங்கைக் கரைகளைச் சூறையாடிய நாட்களில், காணாமற்போனோரைத் தேடுவதற்கும் நிவாரணத்தை ஒழுங்குபடுத்துவதற்கும் இலங்கை நிரலாளர்கள் தொண்டர்களாகத் திரண்டு எழுதிய சஹானா என்னும் மென்பொருள், திறமூலமாக இருந்த காரணத்தால், 2005இல் பாகிஸ்தானின் நிலநடுக்கத்திலும் 2010இல் ஹெயிட்டியின் நிலநடுக்கத்திலும் உதவிற்று. 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகப் பயன் விருதை ஃப்ரீ சாஃப்ட்வேர் பவுண்டேஷன் அதற்கு அளித்தது. தம் ஊரின் துயரத்துக்காக எழுதப்பட்ட வரிகள், எழுதியவர் கண்டிராத தேசத்தவரின் துயரையும் தணித்தன.

ஏற்கப்பட்டவுடன் விலகிவிடாமல், சில மாதங்களேனும் அந்த மாட்யூலைக் கவனித்து வாருங்கள். உங்கள் வரிகளால் யாருக்காவது இடையூறு நேர்ந்தால் முதல் விடை உங்களுடையதாக இருக்கட்டும். பிறகு, மற்றொருவர் அனுப்பிய சிறு திருத்தத்தை உங்கள் கணினியில் ஓட்டிப்பார்த்து, சரியாக இயங்குகிறது என்றோ, இன்ன இடத்தில் தவறுகிறது என்றோ எழுதுங்கள். எழுதுகிறவர் பலராகவும் சரிபார்க்கிறவர் சிலராகவும் இருப்பதே பெரும்பாலான திட்டங்களின் நிரந்தரக் கஷ்டமாதலால், இவ்வுதவிக்கு எப்போதும் வரவேற்பு உண்டு. கொடுப்பவராக வந்தவர் காப்பவராக மாறுவதும் இவ்வழியில்தான்.

ஆகவே இவ்வத்தியாயத்தை வாசித்து முடித்தவர் இந்த வாரத்தில் செய்ய வேண்டியது இது: தம் ஊரின் கவுன்சிலோ, பள்ளியோ, நூலகமோ உபயோகிக்கும் திறமூல மென்பொருள் எது என்று விசாரித்தறிந்து, அதைத் தம் கணினியில் நிறுவி, ஒரே ஒரு மாட்யூலின் இஸ்யூக்களை வாசித்து, தாம் தீர்க்கக்கூடிய மிகச் சிறிய குறை ஒன்றைத் தேர்ந்துகொள்ளட்டும். சிறியதாகத் தேர்வதில் கூச்சம் வேண்டாம். சிறிய திருத்தத்தில் கற்கும் ஒழுங்கே பெரிய திருத்தத்துக்கும் உரிய ஒழுங்கு. வரி செலுத்துவதோடு குடிமகனின் கடமை முடிந்துவிடுவதாக எண்ணியிருந்த நமக்கு, அவ்வரிப்பணத்தால் எழுந்த நிரலைப் பேணுவதிலும் பங்குகொள்ளும் பாக்கியம் இக்காலத்தில் வாய்த்திருக்கிறது. அதை உபயோகித்துக்கொள்வதற்கு வேண்டியவை சிரத்தையும் பொறுமையுமே. அவ்விரண்டும் எந்த வாசகருக்கும் எட்டாதவை அல்ல.